வெறும் பெட்டியிலும் ஒளி காட்டுகிறது, ஓட்டை எங்கே?

கிண்டி மாணவன்: முதுகலை புராஜெக்ட். கீரை தானாக விடும் மங்கலான ஒளியை எண்ணி, கசக்காமல் நறுக்காமல் வாடலைச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஒரு சதுர சென்டிமீட்டரில் நொடிக்குச் சில நூறு ஃபோட்டான் (ஒளித்துகள்) வந்தாலே பெரிசு. ஃபோட்டானை ஒவ்வொன்றாக எண்ணும் குழாயான போட்டோமல்டிபிளையர் இரவல் வாங்கியது, கறுப்பு பெயின்ட் அடித்த மரப்பெட்டி. கோயம்பேட்டில் காலையில் வாங்கிய அரைக்கீரைக்கு எண்ணிக்கை 4,000இல் தொடங்கி பத்து நிமிஷத்தில் 300க்கு இறங்குகிறது. முந்தாநாள் கட்டுக்கும் அதே கதை. கடுப்பாகி வெறும் தட்டை வைத்தேன். அதுவும் 900இலிருந்து இறங்குகிறது! கறுப்பு டேப் மூன்று சுற்று ஒட்டியாச்சு.

பழைய லேப் ஆள்: ஓட்டையாக இருந்தால் இறங்காது தம்பி, ஒரே மட்டத்தில் நிற்கும். டியூப்லைட்டை அணைத்துப் பார், தெரிந்துவிடும். உள்ளே ஏதோ வெளிச்சத்தைக் குடித்துவிட்டு மெல்லக் கக்குகிறது. தட்டு என்ன தட்டு?

கிண்டி மாணவன்: பார்சல் டப்பா மூடி அண்ணா, வெள்ளை. சிரிக்காதீங்க.

பழைய லேப் ஆள்: சிரித்துவிட்டேன். கறுப்பு பெயின்ட் அடித்த அலுமினியத் தட்டு வை. மூடியைத் திறக்கும் முன் ஹை வோல்டேஜை அணைக்கிறாய்தானே? அணைத்திருந்தாலும், போட்டோமல்டிபிளையர் குழாய்மேல் டியூப்லைட் வெளிச்சம் பட்டால் சில மணி நேரம் இருட்டு எண்ணிக்கை (ஒளியே இல்லாதபோதும் அது காட்டும் எண்) கூடியே இருக்கும். அறையையே இருட்டாக்கித்தான் தட்டை மாற்றணும். ஏசியையும் நிறுத்தாதே, சூட்டில் எண்ணிக்கை ஏறும்.

தாவரவியல் அக்கா: கீரை இறங்குவது கோளாறே இல்லை. வெளிச்சத்தில் இருந்த பச்சையம் இருட்டில் கொஞ்ச நேரம் ஒளியைத் திருப்பித் தரும். ஸ்ட்ரெலர், அர்னால்டு என்ற ஆராய்ச்சியாளர்கள் 1951லேயே பார்த்தது. நீ தேடுகிற தானாக வரும் ஒளி வேறு, அது ஆக்சிஜனேற்றத்தில் பிறப்பது. இரண்டையும் கலந்து எண்ணினால் ஒன்றும் புரியாது. இரண்டாவதுதான் வேண்டுமென்றால் கீரையை ஒரு மணி நேரமாவது இருட்டில் போட்டுவிட்டு எண்ணு. முதலாவதும் வீணில்லை: எல்லாக் கட்டுக்கும் ஒரே விளக்கு, ஒரே தூரம், ஒரே நொடிக்கணக்கு கொடுத்து, இறங்கும் வேகத்தை ஒப்பிடு. பச்சையம் சிதையச் சிதைய அது மாறும்.

கிண்டி மாணவன்: நேற்று ராத்திரி செய்தேன். நடுவில் கரண்ட் போய் அருமையான இருட்டு, கருவியும் சேர்ந்து போச்சு. வந்த பிறகு வெறும் பெட்டி 60இல் அசையாமல் நின்றது. ஒரே விளக்கு கொடுத்ததில் புதுக்கட்டும் பழைய கட்டும் முதல் தடவையாகத் தனித்தனிக் கோடு. ஆனால் இருட்டில் வைத்த புதுக்கீரையில் ஒன்று மட்டும் எகிறுகிறது அக்கா.

தாவரவியல் அக்கா: காம்பைக் கிள்ளினாயா?

கிண்டி மாணவன்: தட்டில் அடங்கவில்லை, கிள்ளினேன்.

தாவரவியல் அக்கா: காயம் பட்ட இடம் ஒளி கூடுதலாக விடும். பெரிய தட்டு வாங்கு.