தொட்டி மண், பிரம்பு சோபா, பூனை: நடந்ததைப் போடுங்க

முத்தியால்பேட்டை மாடி:
சிறுகீரை முளைச்சு 3 நாள். காலையில பார்த்தா தொட்டி நடுவுல குழி, பக்கத்துல மண்ணை வாரி மூடின மேடு, நாத்தெல்லாம் வேரோட வெளியே கிடக்கு. பூனை வேலைதான். அது வரக் கூடாதுன்னு முந்தின சாயங்காலம்தான் சாத்துக்குடித் தோல் கஷாயம் தெளிச்சது. 10 பழத்துத் தோல், 1 லிட்டர் தண்ணி, மூடி போட்டு 20 நிமிஷம் சிறுதீ. மூடி கட்டாயம், இல்லேன்னா மணம் பூரா ஆவியில போயிடும். அடுப்படியே கமகமன்னு இருந்துச்சு. மாடியில கடல்காத்து திரும்பினதும் 3 மணி நேரம்கூட நிக்கலை. தோலை அப்படியே பரப்பினா ரெண்டாம் நாள் பூஞ்சணம், அப்புறம் பழ ஈ. ராத்திரி முழுக்க நிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?

தேவனாம்பட்டினம்:
சார், கஷாயம் கிடக்கட்டும். அந்தத் தொட்டிக்குக் கடைசியா என்ன ஊத்தினீங்க?

இங்க வரிசையா 8 கத்திரித் தொட்டி. 5 தொட்டிக்கு மீன் அமிலம், 3 தொட்டிக்கு வேப்பம் புண்ணாக்கு. சாம்பல் பூனை ஒண்ணு ஒவ்வொரு விளிம்பா மூக்கை வெச்சுப் பார்த்துக்கிட்டே வந்துச்சு, மீன்கடையில வஞ்சிரத்தோட செவுளைத் தூக்கிப் பார்ப்பாங்களே, அப்படி. மீன் அமிலம் ஊத்தின அஞ்சையும் தோண்டிட்டுப் போச்சு. மத்த மூணுல கால் வைக்கலை. கலந்தது லிட்டருக்கு 5 மில்லிதான். மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு 21 நாளுக்கு மேல ஊறினா நமக்குப் பழ வாடைதான் அடிக்கும், பூனை மூக்கு ஏமாறாது. எலும்புத்தூளும் இதே கதை.

மீன் அமிலத்தை மண்ணுல ஊத்தாம வடிகட்டி இலையில தெளிங்க. மண்ணுக்கு வேப்பம் புண்ணாக்கு போதும். 1 அடித் தொட்டிக்கு ஒரு கைப்பிடி, மேல்மண்ணோட கிளறிவிட்டுத் தண்ணி. கடையில புண்ணாக்குன்னு பொதுவாக் கேட்டு ஆமணக்குப் புண்ணாக்கை வாங்கிட்டு வந்துடாதீங்க. அதுல ரைசின் விஷம் இருக்கு, தின்ன நாயும் பூனையும் செத்துப்போகும்.

வண்டிப்பாளையம்:
எங்க பாத்தியில மீனும் இல்லை, எலும்பும் இல்லை. களை எடுத்த அன்னிக்கு மத்தியானமே வந்துச்சு. வேர் அறுந்து கிடந்த குப்பைமேனியை நக்கி, கன்னத்தைத் தேய்ச்சு, எச்சில் ஒழுக மல்லாந்து புரண்டதுல 2 அடி நீளத்துக்கு வெந்தய நாத்து சப்பையாயிடுச்சு. கை தட்டினாலும் கண்ணு சொக்கிப்போய்ப் பார்க்குதே தவிர எழுந்திருக்கலை. அந்தச் செடிக்குப் பூனைவணங்கின்னு பேர் சும்மா வைக்கலை.

இழுப்பு வேர்லதான். செடி மண்ணுல நிக்கிற வரைக்கும் தொந்தரவு கம்மி, வேர் அறுந்து வெளியே வந்ததும்தான் கூட்டம் சேருது. அதனால முதல் நாள் சாயங்காலமே தண்ணி விட்டு, மண் இளகினதும் அடியோட பிடிச்சு முழுசா இழுக்கணும். பிடுங்கினதைப் பாத்தி ஓரத்துல போட்டு வைக்காம உடனே மூடி போட்ட வாளிக்குள்ள. மதில் ஓரமா வீசினா, தெருப்பூனைக்கெல்லாம் நீங்களே பந்தி வெச்ச மாதிரி.

மஞ்சக்குப்பம்:
கேட்டுல சொட்டுநீலம் கலந்த தண்ணி பாட்டில், பாத்தியில மிளகாய்த்தூள், சோபாவுக்கு அடியில அந்துருண்டை, மூணும் போட்டாச்சு. பூனை வந்து அந்த நீல பாட்டில்லயே முதுகைத் தேய்ச்சுட்டு உள்ளே போச்சு. மிளகாய்த்தூள்தான் கொஞ்சம் கேட்டுச்சு. அடுத்து ஃபீனாயில் தெளிக்கலாம்னு இருக்கு.

வில்லியனூர் ரோடு:
மஞ்சக்குப்பம் சார், ஃபீனாயிலைத் தொடாதீங்க. மிளகாய்த்தூள் ‘கேட்டது’ எப்படின்னு தெரியுமா? பூனை அதை மோந்து பார்த்துத் திரும்பிப் போறதில்லை. மிதிச்சு, பாதத்துல ஒட்டி, சுவர்மேல ஏறி உட்கார்ந்து நக்கும். அப்புறம் நக்கின அதே முன்னங்காலால முகம் துடைக்கும். ஒரு கண்ணை மூடிக்கிட்டு, மறுபடி மறுபடி அதே காலால அதே கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்ததைப் பார்த்தா நீங்களும் போட மாட்டீங்க. துடைக்கத் துடைக்க எரிச்சல் கூடத்தான் செய்யும்.

அந்துருண்டையும் ஃபீனாயிலும் இதைவிட மோசம். கறுப்பு ஃபீனாயில்ல இருக்கிற ஃபீனால் வகையை முறிச்சு வெளியேத்துற நொதி பூனையோட ஈரல்ல ரொம்பக் குறைவு. மனுஷனுக்கும் நாய்க்கும் தாங்குற அளவு பூனைக்குத் தாங்காது. வெள்ளை ஃபீனாயில்ல பைன் எண்ணெய், அதுவும் ஆகாது. யூகலிப்டஸ் தைலம், புதினாத் தைலம், ‘இயற்கை’ன்னு சீசாவுல விக்கிற எலுமிச்சை எண்ணெய், எல்லாமே இந்தக் கணக்குதான். தோலைக் கொதிக்க வெச்ச தண்ணி வேற, பிழிஞ்ச எண்ணெய் வேற. காபிச் சக்கையும் வேண்டாம், கஃபீன் இருக்கு. தெரியாம மிதிச்சுட்டா நக்க விடாம காலைச் சோப்புத் தண்ணியில அலசிட்டு நேரா கால்நடை டாக்டர்கிட்ட. பூனைக்கு விஷம் வெச்சா 1960-ம் வருஷ மிருகவதைத் தடைச் சட்டத்துல குற்றம்னும் ஞாபகம் இருக்கட்டும்.

நெல்லிக்குப்பம்:
வாசனையை நம்பி எத்தனை நாள் ஓட்டுறது? பூனைக்கு வேண்டியது தோண்ட வாகான, காய்ஞ்ச, பொலபொலன்னு இருக்கிற மண். தேங்காய்நார்க் கழிவு நிறையக் கலந்த தொட்டியைத்தான் முதல்ல தேடும். பழைய தென்னந்துடைப்பத்தைப் பிரிச்சு, ஈர்க்குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, பாதி மண்ணுக்குள்ள, பாதி வெளியே, 2 அங்குலத்துக்கு ஒண்ணுன்னு நட்டுடுங்க. 3 அங்குலம் இடைவெளி விட்டா நடுவுல உட்கார்ந்துடுது, பார்த்தாச்சு. மேல்முனை மழுங்கலா இருக்கணும், கூரா வெட்டினா கண்ணுல குத்தும்.

பெரிய பாத்தின்னா சவுக்கு மிளாறு. கடலூர்ப் பக்கம் அதுக்கா பஞ்சம்? குறுக்கும் நெடுக்குமா பரப்பினா கால் வைக்க இடம் இருக்காது. விதை போட்ட பாத்திக்குக் கோழிவலை, 1 அங்குலக் கண்ணு, மண்ணுக்கு அரை அங்குலம் கீழே படுக்க வெச்சு ஓரத்தை உள்பக்கமா மடக்குங்க. கீரை ஊடால வளர்ந்து வந்துடும், முள்ளங்கி மாதிரி கிழங்கு வகைக்கு ஆகாது.

பூனைக் கழிவு கிடந்த மண்ணைக் கையுறை போட்டு 2 அங்குலத்துக்கு அள்ளி எறிங்க. அந்தக் கழிவுல வர்ற டாக்ஸோபிளாஸ்மாங்கிற கிருமி ஈரமண்ணுல மாசக்கணக்குல உயிரோட இருக்கும். பிள்ளைத்தாச்சி அந்தத் தொட்டிப் பக்கமே போக வேண்டாம்.

லாஸ்பேட்டை, பிரம்பு வேலை:
எல்லாரும் தோட்டத்துலயே நிக்கிறீங்க. சோபாவுக்கு வினிகர் அடிக்கச் சொல்லி ஒரு வீட்டுல யாரோ யோசனை சொல்லியிருக்காங்க. பாதிக்குப் பாதி தண்ணி கலந்து அடிச்சதுல, கீழே கடப்பைக்கல்லுல சொட்டின இடமெல்லாம் வெள்ளை வெள்ளையா பூத்துப்போச்சு. கடப்பை சுண்ணாம்புக்கல், அமிலம் பட்டா அரிக்கும். துடைச்சா போகாது, பாலிஷ்தான் போடணும். பூனை மறுநாளே அதே கைப்பிடியைப் பிறாண்டிச்சு.

பிறாண்டுறதை நிறுத்த முடியாது, இடத்தை மாத்தலாம். 3 அடி சவுக்குக் கட்டை, 4 அங்குலக் கனம். அடிப்பலகை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, முக்கால் அங்குல ப்ளைவுட். அடியிலிருந்து 3 அங்குல ஸ்க்ரூ 4. கட்டைமேல 8 மில்லிமீட்டர் தேங்காய்நார்க் கயிறு, 75 செ.மீ. உயரத்துக்கு இடைவெளி இல்லாம சுத்த 32 மீட்டர் பிடிக்கும், 35 வாங்குங்க. ரெண்டு அடிக்கு ஒரு தடவை பசை தடவி இறுக்கணும். ஆணி முனை வெளியே தெரியக் கூடாது. பெரும்பாலும் தப்பாப் போறது பலகையிலதான். பலகை சின்னதா இருந்து கட்டை ஒரு தடவை ஆடினாப் போதும், பூனை அதுக்கப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது, சோபா ஆடாதே! பலகைமேல ஒரு கல் துண்டை வெச்சுடுங்க.

அதைக் கண் மறைவா மூலையில வைக்காம, பிறாண்டின கைப்பிடியை ஒட்டியே வைங்க. தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கிறப்போதான் நகம் போடும். கைப்பிடிமேல தடிச்ச பிளாஸ்டிக் தாளைக் கட்டிவிடுங்க. ரெண்டு பக்கம் ஒட்டுற டேப் துணி சோபாவுக்குச் சரி, பிரம்புல ஒட்டினா வார்னிஷோட உரியும். கட்டைக்குப் பழகினதும் வாரம் ஒரு சாண் நகர்த்தலாம்.

மெத்தையில மூத்திரம் போயிருந்தா புளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். மூத்திரத்தோட சேர்ந்து மூச்சை அடைக்கிற புகை வரும். வினிகரோட கலந்தா குளோரின், அது இன்னும் ஆபத்து. துணியால ஒத்தி எடுத்து, பச்சைத் தண்ணி விட்டு மறுபடி ஒத்தி, சமையல் சோடா தூவி, மேல 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடு. மருந்துக்கடை பாட்டில்ல 6-ன்னு போட்டிருந்தா சரிபாதி தண்ணி கலக்கணும். சாயம் வெளுக்கும், உள்மடிப்புல சோதிச்சுக்கோங்க. வெறும் தண்ணியில கழுவினா யூரிக் அமில உப்பு உள்ளேயே தங்கிடும், ஐப்பசி மழை ஈரத்துல மறுபடி நாறும்.

முத்தியால்பேட்டை மாடி:
தேவனாம்பட்டினம் சார், மீன் அமிலம்தான். போன ஞாயித்துக்கிழமை, மண்ணுலதான் ஊத்தினது. ஒரு தொட்டிக்கு ஈர்க்குச்சி நட்டாச்சு, 110 குச்சி ஆச்சு. இன்னும் 6 தொட்டி இருக்கு. வீட்டுல துடைப்பத்தைக் காணோம்னு தேடிக்கிட்டு இருக்காங்க.