‘சிதிலமடைந்தது’ என்ற ஒரு சொல் போதவில்லை: பழைய வீட்டின் பழுதுகளை எப்படி எழுதுவது?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகில் எங்கள் ஐயாவின் (பாட்டனாரின்) தகப்பனார் கட்டிய வளவு வீடு, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள வீடு, இன்று 14 புள்ளிகளுக்கு (குடும்பங்களுக்கு)ப் பொதுவாக நிற்கிறது. பர்மாவிலிருந்து வந்த வருமானத்தில் எழுந்த வீடுகளில் அதுவும் ஒன்று. 1942இல் ஜப்பானியப் படை அங்கே நுழைந்த பிறகு அந்த வருமானம் நின்றது. அதற்குப் பின் பெரிய மராமத்து எதுவும் நடக்கவில்லை. வருகிற ஐப்பசியில் பங்காளிகள் கூடும்போது, வீட்டிலும் வீட்டுச் சாமான்களிலும் எது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

நான்கு நாள் தங்கிப் பார்த்து எழுதினேன். படித்துப் பார்த்தால் முகப்புச் சுவர் சிதிலமடைந்துள்ளது, பட்டாலை என்னும் கூடத்தின் கூரை சிதிலமடைந்துள்ளது, அலமாரி சிதிலமடைந்துள்ளது என்று பக்கம் முழுவதும் ஒரே சொல்லாக இருக்கிறது. மலேசியாவில் இருக்கும் பெரியப்பா மகன் அதைப் படித்துவிட்டு, ‘எது தானாக விழும், எது தாங்கும் என்று இதில் தெரியவில்லையே, தம்பி’ என்றார். அவர் சொன்னது சரிதான். ஒவ்வொரு பழுதுக்கும் உரிய சொல்லை அறிந்தவர்கள் சொல்லித் தர வேண்டுகிறேன்.

மறுமொழி 1:

வணக்கம். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுது பார்க்கும் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கொத்தனாரும் ஆசாரியும் ‘சிதிலம்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. சுவரில் அவர்கள் முதலில் பார்ப்பது பூச்சைத்தான். பூச்சு சுவரை விட்டு விலகிப் பொருமி நின்றால், விரலால் தட்டும்போது வெற்றோசை கேட்கும். அது இன்னும் விழவில்லை, ஆனால் விழும். காரை பெயர்ந்திருந்தால் செங்கல் வெளியே தெரியும். சுவரின் அடியில் ஈரம் ஏறியிருந்தால் ஓதம். அந்த ஈரம் காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொடியாகத் தெரிவது உப்புப் பூத்தல். இந்த நான்கையும் ஒரே சொல்லில் அடக்கினால், முதலில் எதைச் செய்வது என்று யாருக்கும் விளங்காது.

உங்கள் வீட்டில் எப்போதாவது சுவரின் கீழ்ப்பகுதிக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. அடைபட்ட ஈரம் மேலே ஏறி, சிமெண்ட் முடிகிற இடத்துக்குச் சற்று மேலே நல்ல பூச்சை உதிர்க்கும். அப்படியிருந்தால் ‘சுவர் பழுது’ என்று எழுதாமல் ‘சிமெண்ட் பூச்சுக்கு மேல் உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது’ என்றே எழுதுங்கள். காரணம் தெரிந்துவிட்டால் செய்ய வேண்டிய வேலையும் தெரிந்துவிடும்.

வெடிப்பிலும் வேறுபாடு உண்டு. பூச்சில் மட்டும் மயிரிழையாக ஓடுவதைக் கீறல் என்று எழுதலாம். செங்கல்லையும் பிளந்து, ஒரு முனை அகன்று மறுமுனை குறுகிப் போவது, பெரும்பாலும் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதைக் காட்டும். சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் அதன் தண்டு எத்தனை விரற்கடை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேர் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று அதைக்கொண்டு ஓரளவு ஊகிக்கலாம்.

மறுமொழி 2:

நான் தமிழாசிரியை. மேலே ஐயா அவர்கள் எழுதியதற்கு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சிதிலம் வடமொழியிலிருந்து வந்த சொல். கட்டுத் தளர்ந்த நிலையைக் குறிப்பது. பாழ் அப்படியன்று. பாழ் என்பது முதலில் ஆளில்லாமை. சுவரும் கூரையும் திடமாக இருக்கும் வீடுகூட, விளக்கேற்ற ஆளில்லாவிட்டால் பாழ்தான். ஆகவே ‘பாழடைந்த வீடு’ என்றும் ‘இடிந்த வீடு’ என்றும் மாற்றி மாற்றி எழுதுவது பொருந்தாது.

அகநானூற்றின் 167ஆம் பாட்டில், பகைக்கு அஞ்சி ஊரார் எழுந்து போன பழம்பாழில் நிற்கும் ஒரு பொதியிலை (ஊர்ப் பொது மன்றத்தை)க் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். யானை முதுகை உரசியதால் செங்கற்சுவர் தளர்ந்து விட்டம் விழுகிறது. மாடத்துப் புறாக்கள் நீங்குகின்றன. சுவரில் எழுதிய கடவுளும் போய்விட, பலி மறந்து போகிறது. மெழுகாத திண்ணையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. கூரையைச் சிதலை (கரையான்) மூடியிருக்கிறது. இதில் என் மனத்தில் தங்கியது ‘மெழுகா’ என்ற சொல். உடைந்ததை மட்டும் சொல்லாமல், நாள்தோறும் நடந்த எந்த வேலை நின்றுபோயிற்று என்பதையும் அந்தச் சொல் சொல்லிவிடுகிறது. நீங்களும் அதைக் குறிக்கலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் கால்பட்டும் துடைபட்டும்தான் மினுங்கும். பூட்டிய அறையில் அது உடையாமலேயே மங்கிப்போகும். அதைப் பழுது என்று எழுதக்கூடாது, ‘துடைக்காமல் மங்கியது’ என்று எழுத வேண்டும்.

மறுமொழி 3:

கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள்; சாமான்களைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் ஆயா (பாட்டி) வீட்டுச் சாமான் அறையைச் சென்ற ஆண்டு நானும் என் தங்கையும் ஒழுங்கு செய்தோம். பாத்திரங்களில் ஒடுக்கு விழுந்தவை, காது போனவை, ஈயம் போனவை என்று பிரித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒடுக்கை எடுக்கலாம், காதை ஒட்டலாம், ஈயம் பூசலாம். செம்பில் ஏறியிருப்பது களிம்பு, இரும்பில் ஏறுவது துரு. களிம்பு புளி போட்டுத் தேய்த்தால் போகும். துரு ஏறிப் பொத்தலான இரும்புப் பெட்டியை என்ன செய்தாலும் மீட்க முடியாது. வாய் உடைந்த பானையை மூளி என்பார்கள். நிலைக்கண்ணாடி உடையாமல் கறுப்புத் திட்டு விழுந்திருந்தால் ரசம் போயிருக்கிறது என்று எழுதுங்கள்.

மரச்சாமானில் கவனமாக இருங்கள். அடியில் மாவுபோலத் தூள் கொட்டிக் கிடந்தால் உளுத்தது. மண் பூசியதுபோல வரி ஓடியிருந்தால் செல் (கரையான்) ஏறியது. செல் என்றால் ஒரு பலகையோடு நிற்காது, பக்கத்துச் சாமானையும் உடனே நகர்த்த வேண்டும். ஏட்டிலும் கணக்குப் புத்தகத்திலும் தாளைச் சுரண்டித் தின்பது இராமபாணப் பூச்சி.

துணியைப் பற்றி ஒன்று. ஆயாவின் கூறைப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது நிறம் அப்படியே இருந்தது, சரிகையும் கறுக்கவில்லை. விரித்த கணத்தில் மடித்த கோடுகளில் மட்டும் நேராகப் பிளந்து, நீளநீளப் பட்டைகளாக என் மடியில் விழுந்தது. அது கிழிந்ததும் அன்று, நைந்ததும் அன்று, இற்றுப்போயிருந்தது. உங்கள் வீட்டில் பட்டு இருந்தால் பிரித்துப் பார்க்காமல் ‘மடிப்பில் இற்றிருக்கலாம்’ என்று குறித்துவிட்டு அப்படியே வையுங்கள்.

கேட்டவர்:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மீண்டும் ஊருக்குப் போய்ப் பார்த்தேன். மறுமொழி 1 சொன்னபடியே, வீட்டின் இரண்டாவது முற்றப் பகுதியான இரண்டாங்கட்டில் முன்பு எப்போதோ இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். உப்பு அதற்கு மேலேதான் பூத்திருக்கிறது. பட்டாலையைப் பற்றி இப்போது இப்படி எழுதியிருக்கிறேன், சரிதானா என்று பார்க்க வேண்டுகிறேன்:

‘மேல்தளத்துத் தட்டு ஓடுகள் நான்கு இடங்களில் பெயர்ந்து, வடகிழக்கு மூலையில் மழைநீர் ஒழுகுகிறது. அந்த மூலையில் தேக்கு உத்தரம் நடுவில் உறுதியாக உள்ளது. சுவருக்குள் நுழையும் முனை ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்து மக்கியிருக்கிறது, திருப்புளியால் குத்தினால் விரல் நீளம் உள்ளே போகிறது. கதவின் மேல்கீல் கழன்றுள்ளது, பலகையில் குறையில்லை. தளக்கல் உடையவில்லை, மங்கியிருக்கிறது.’

மறுமொழி 1:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள், தம்பி. உங்கள் பெரியப்பா மகன் இதைப் படித்தால் எல்லாம் விளங்கும். ஆனால் அந்த உத்தரம் ஐப்பசிக் கூட்டம் வரை காத்திருக்காது. மக்கிய முனைதான் சுவரில் உட்கார்ந்து மேல்தளத்தின் பாரத்தை இறக்குகிறது. நடுவில் எவ்வளவு வைரமாக இருந்தாலும் பயனில்லை. இந்த வாரமே ஓர் ஆசாரியை அழைத்து, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி உத்தரத்துக்கு அடியில் கனமான சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். தளக்கல் உடையாமல் இருக்க முட்டுக்குக் கீழே அகலமான பலகை வைக்க வேண்டும். மேலே ஓடு பெயர்ந்த இடங்களைத் தற்காலிகமாகத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். அது முடியும்வரை அந்த மூலையில் யாரையும் படுக்க விடாதீர்கள்.