புதுப்பிப்பு: மரத்தில் சிக்கிய டிஸ்க்குக்கு அபராதம் உண்டா?

டிஸ்க் கோல்ஃபில் (டிஸ்க் எனும் தட்டை இலக்கு நோக்கி வீசும் ஆட்டம்) டிஸ்க் கிளையில் மாட்டினால் அபராத வீச்சு உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "2 மீட்டர் விதி நடப்பில் உண்டா என்று போட்டி இயக்குநரிடம் ஆட்டத்துக்கு முன்பே கேளுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேல் டிஸ்க் சிக்கினால் ஒரு அபராத வீச்சு என்பதே அந்த விதி.

நேற்றைய போட்டியில் அந்த விதியை அறிவிக்கவில்லை. என் டிஸ்க் ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில் சிக்கியும் அபராதம் இல்லை. அடுத்த வீச்சுக்கான இடத்தை நேர் கீழே தரையில் குறியிட்டோம். அறிவித்திருந்தால் ஒரு வீச்சு கூடியிருக்கும்.

எதிர்பாராதது, கீழே இருந்த முள்புதர். தேங்கிய மழைநீருக்குப் போல இதற்கும் அபராதமின்றி நகரலாம் என்றே நம்பியிருந்தேன். இயக்குநர் தனியே அறிவிக்காவிட்டால் அப்படி முடியாது. இலக்கையும் குறியிட்ட இடத்தையும் இணைக்கும் நேர்கோட்டில் எவ்வளவு தூரமும் பின்வாங்கலாம், ஆனால் ஒரு அபராத வீச்சு சேரும். அதை ஏற்றுத்தான் பின்னால் போய் வீசினேன்.