கரைக்கு வந்ததும் வாய் கிழிந்து போகும் கிராப்பி

கேள்வி

சனிக்கிழமை விடியற்காலை அமெரிக்காவில் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லுக்குத் தெற்கே, டிட்டோ லேண்டிங் பக்கம் டென்னசி ஆற்றங்கரையில், கிராப்பி என்ற நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கப் போய் உட்கார்ந்தேன். ஏப்ரல் முதல் வாரம், தண்ணீர் 61 டிகிரி ஃபாரன்ஹீட். கரையிலிருந்து 20 அடியில் ஒரு மரம் ஆற்றுக்குள் சாய்ந்து கிடக்கிறது. அதன் கிளையோரமாகத் தக்கையைப் போட்டேன். முள்ளில் உயிருள்ள சிறு மீன், ஆழம் 8 அடி.

கால் மணி நேரம் அசைவே இல்லை. அப்புறம் தக்கை முங்கவில்லை, அப்படியே படுத்துக்கொண்டது. வெடுக்கென்று சுண்டினேன். பாரம் தெரிந்தது. தூண்டில் நரம்பைப் பிடித்துத் தூக்கும்போது வெள்ளையாக ஒரு புரளல், அவ்வளவுதான், போய்விட்டது. முள்ளில் வெங்காயச் சருகு மாதிரி ஒரு ஜவ்வு ஒட்டியிருந்தது. இப்படியே 4 மீன் போயிற்று, கரையேறியது 2 தான். எட்டேகாலுக்குப் பிறகு ஒரு கொத்துகூட இல்லை. முள்ளை மாற்றவா, இடத்தை மாற்றவா?

பதில் 1

முள் கிடக்கட்டும், முதலில் கையை மாற்றுங்கள். அடுத்த மீனின் வாயைத் திறந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உதட்டை ஒட்டி இருக்கும் ஜவ்வில் வெளிச்சம் ஊடுருவும். இந்த ஊர்க்காரர்கள் இதைக் காகித வாய் மீன் என்பது அதனால்தான். அந்த வாயைச் சுண்டினால் ஓட்டை விழும், தூக்கினால் அந்த ஓட்டை கிழியும்.

தக்கை படுத்ததைக் கவனித்தீர்களே, அது நல்ல கண். கிராப்பிக்குப் பார்வை மேல்நோக்கித்தான். கீழிருந்து ஏறிவந்து இரையைக் கவ்வி மேலே தூக்கும். ஈயத்தின் பாரம் விட்டுப்போவதால் தக்கை சாய்கிறது. அந்த நேரத்தில் தொய்வைச் சுருட்டிக்கொண்டு கோலை மெல்ல உயர்த்தினாலே முள் ஏறிவிடும். அப்புறம் நரம்பு தொய்யாமல் ஒரே சீராகச் சுருட்டுங்கள். கரையில் நீளப் பிடி போட்ட கைவலை கட்டாயம் வேண்டும். வலையை முன்கூட்டியே தண்ணீரில் இறக்கி வைத்துவிட்டு மீனை அதன்மேல் கொண்டுவாருங்கள். வலையோடு மீனைத் துரத்தினால் அது கடைசியாக ஒரு உதறு உதறும், அதில்தான் நிறையப் போகிறது.

ஆழத்தையும் குறையுங்கள். இரை கிராப்பிக்குக் கீழே போய்விட்டால் அது சீண்டாது. அந்த மரத்தில் 6 அடியில் தொடங்கிப் பாருங்கள். முள் மெல்லிய கம்பியாக இருக்கட்டும். கிளையில் மாட்டினால் மெதுவாக இழுக்க, முள் நிமிர்ந்து வெளியே வந்துவிடும்; கையால் வளைத்துத் திரும்பப் போடலாம்.

பதில் 2

எட்டேகால் விஷயத்துக்கு மட்டும் சொல்கிறேன். ஆற்றோட்டத்தில் உங்களுக்கு மேலே கன்டர்ஸ்வில் அணை இருக்கிறது. மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறந்தால் உங்கள் இடத்தில் நீரோட்டம் கூடும். கிராப்பி ஓட்டத்தில் நின்று மல்லுக்கட்டாது, தேங்கிய தண்ணீருக்கு ஒதுங்கிவிடும். எவ்வளவு திறக்கிறார்கள் என்பதை, அணையை நடத்தும் டிவிஏ (டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம்) செயலியில் பார்க்கலாம். திறந்துவிட்டால், ஓட்டம் போகும் திசையில் மரத்தின் கீழ்ப்புறம், கரையை ஒட்டித் தண்ணீர் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் மடிப்பில் போடுங்கள்.

கேட்டவர் மீண்டும்

இன்று போய் வந்தேன். 6 அடி வைத்தேன். தக்கை படுத்ததும் சுண்டாமல் தூக்கினேன், கை பழக இரண்டு மீன் பிடித்தது. ஏழரைக்குத் தண்ணீரில் சருகுகள் வேகமாக ஓட ஆரம்பித்தன. உடனே மரத்தின் கீழ்ப்புறம் மாறினேன். அங்கே சருகுகள் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்பது மணிக்குள் 7 மீன், ஒன்றுதான் தவறியது. முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணினேன்: 5 மீனுக்கு ஆறாறு முள், அவை வெள்ளைக் கிராப்பி. மற்ற இரண்டுக்கும் 7, உடம்பெல்லாம் கரும்புள்ளி.

வாயையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஜவ்வுக்கு அந்தப் பக்கம் என் விரல் தெரிந்தது.