தூக்கத்தில் பல்லை நறநறக்கிறேனாம், என்ன செய்வது?

கேள்வி: நான் நம்பவில்லை. மனைவி கைபேசியில் பதிவு செய்து காட்டினாள். அம்மி அரைப்பது போல ஒரு சத்தம், என் வாயிலிருந்து! காலையில் தாடை கனக்கிறது, காதோரம் வலிக்கிறது. கடைவாய்ப்பல் ஒன்றின் முனை மழுங்கிவிட்டது. அழுத்தித் தேய்த்தால் சரியாகும் என்று கெட்டித் தூரிகை வாங்கினேன். இப்போது பல் கூசவும் செய்கிறது.

பதில் 1: முதலில் அந்தத் தூரிகையைத் தூக்கி எறியுங்கள். பல்லின் கடினமான மேலுறையான எனாமல் தேய்ந்தால் மீண்டும் வளராது. மென்மையான தூரிகை, ஃபுளோரைடு பற்பசை, காலையும் இரவும் 2 நிமிடம் போதும். துலக்கியபின் நுரையைத் துப்புங்கள். வாயை நிறைய நீரால் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். புளிப்பாகக் குடித்தால் அரைமணி கழித்தே துலக்குங்கள்.

பதில் 2: நானும் உங்கள் கட்சிதான். பல் மருத்துவர் அளவெடுத்து, தூங்கும்போது பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் இரவுக் காப்புறை செய்து கொடுத்தார். அது கடிப்பதை நிறுத்தாது. பல்லுக்குப் பதில் அது தேயும், அவ்வளவே. வெந்நீரில் கழுவி முதல் உறையை நெளித்துவிட்டேன், நீங்கள் குளிர்ந்த நீரையே பயன்படுத்துங்கள். பகலிலும் கவனியுங்கள்: உதடு மூடியிருக்கலாம், பற்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. நான் கணினித் திரையின் ஓரத்தில் ‘தாடை’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

பதில் 3: குறட்டையும் உண்டா? தூக்கத்தில் மூச்சு தடைபடுவோருக்கும் இப்படிப் பல்லை நறநறப்பது வருவதுண்டு. சில மனச்சோர்வு மருந்துகளாலும் வரலாம். ஆனால் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேட்டவர்: குறட்டையா? அதற்குத் தனிப் பதிவே வைத்திருக்கிறாளாம்.