தெக்கு வீட்டு குடும்பம் (வாட்ஸ்அப்)

ஷைனி அக்கா: திருவனந்தபுரத்துல அத்தான் ஏறுன பிளைட் இன்னும் கெளம்பல. ரன்வேல ஓடிட்டு இருக்கும்போ ஒரு பருந்து இஞ்சின்ல போய் விழுந்துச்சாம், பைலட் பிரேக் போட்டு நிறுத்திட்டு திரும்ப கொண்டு விட்டாச்சு. எல்லாரையும் எறக்கி உக்கார வச்சிருக்காவ

ராணி சித்தி: மாதாவே!! ஆளுக்கு ஒண்ணும் இல்லியே மோளே

ஷைனி அக்கா: ஒண்ணும் இல்ல சித்தி. டம்முன்னு ஒரு சத்தம், பொறவு கோழி தீஞ்ச நாத்தம் உள்ள வந்துச்சாம், அதுக்குத்தான் எல்லாரும் வெப்ராளப்பட்டாவ

பெரியப்பா: இவ்வளவு பெரிய விமானம் ஒரு பருந்துக்கு நிக்குமா. வேற ஏதோ ரிப்பேரு. பறவ மேல பழிய போட்டா யாரும் கேக்க மாட்டான்லா

விபின்: பெரியப்பா நான் ஏர்போர்ட்ல பறவ வெரட்டுற டீம்லதான் இருக்கேன், கேட்டுக்கிடுங்க. பருந்து முக்கா கிலோ இருந்தாலும் பிளைட் மணிக்கு 200, 250 கிலோமீட்டர்ல போய் மோதுது, உள்ள ஃபேன் அத விட வேகமா சுத்திட்டு இருக்கு, பிளேடு ஓரம் வளைஞ்சோ ஒடஞ்சோ போனா இஞ்சின் ஆட்டம் போட ஆரம்பிச்சிரும். இஞ்சின் பண்ணும்போதே செத்த பறவய பீரங்கி மாதிரி ஒண்ணுல வச்சு எறிஞ்சு டெஸ்ட் பண்ணித்தான் விடுவாவ. ஆனா அந்த டெஸ்டு, பெரிய பறவன்னா இஞ்சின் வெடிச்சு சிதறாம அடங்கணும், சின்ன பறவன்னா கொஞ்ச நேரமாவது ஓடணும்ங்கதுக்காக்கும், ஒண்ணுமே ஆவாதுன்னு இல்ல

விபின்: இனி கேமரா கொழாய உள்ள விட்டு ஒவ்வொரு பிளேடா பாப்பாவ. பிரேக்கும் சூடாயிருக்கும், அது ஆறணும். ஒட்டிக் கெடக்க ரத்தம், தூவி (எறகு) எல்லாம் தொடச்சு எடுத்து எந்த பறவன்னு பாக்கணும். லேட் ஆவத்தான் செய்யும் அக்கா, இன்னைக்கு ராத்திரி போனா பாக்கியம்

ஷைனி அக்கா: நாளைக்கு டூட்டில சேரணும்னு அவிய ஒரே பொலம்பல்

அபி: அண்ணே ஒரு இஞ்சின் போனாலும் பறக்கும்னு சொல்லுவியளே அப்போ எதுக்கு நிறுத்துனாவ

விபின்: ஒரு ஸ்பீடு கணக்கு உண்டு. அதுக்கு கொறவா போவும்போ நடந்தா நிறுத்தணும், தாண்டிட்டுன்னா நிறுத்தக் கூடாது, மேல போயிட்டு சுத்தி வந்து எறங்கணும். 2022 ஜூன்ல பட்னாவுல அப்படித்தான், எழும்புன ஒடனே பறவ அடிச்சு இஞ்சின்ல தீ தெரிஞ்சுது, உள்ள 185 பயணிக, அந்த இஞ்சின ஆஃப் பண்ணிட்டு பத்திரமா எறக்கியாச்சு

அபி: அமெரிக்காவுல ஹட்சன் ஆத்துல பிளைட்ட எறக்குனதும் பறவ அடிச்சுதானே

விபின்: ஆமா 2009. வாத்துக் கூட்டம், ரெண்டு இஞ்சினும் ஒண்ணா போச்சு, 155 பேரும் தப்பிச்சாவ. எல்லாரும் அத மட்டும்தான் சொல்லுவாவ. 2024 டிசம்பர் 29 தென் கொரியாவுல முவான் ஏர்போர்ட்ல 179 பேர் செத்துப் போனாவ, ரெண்டு இஞ்சின்லயும் காட்டு வாத்துக்க தூவி இருந்துச்சு. ரன்வே கடைசியில கெடந்த கான்கிரீட் மேட்டுல போய் இடிச்சதும் சேந்துதான் அவ்வளவு சாவு

பெரியப்பா: அப்போ சுட்டுத் தள்ள வேண்டியதுதானல

விபின்: நாளைக்கு வேற பத்து வரும் பெரியப்பா, தீனி கெடக்குல்லா. சத்தம் மட்டும் போடுற கேஸ் பீரங்கி வச்சா மொதல்ல பறந்து போவும், ரெண்டு நாள் கழிஞ்சா அது மேலயே போய் உக்காந்திருக்கும், அதனால எடத்த மாத்தி மாத்தி வைக்கணும். மழ பெஞ்ச காலையில வந்து பாக்கணும் நீங்க, மண்புழு ரன்வேல ஏறி வரும், கொக்கு நாரையெல்லாம் பந்தி மாதிரி வரிசையா எறங்கி நிக்கும். புல்ல ஒட்ட வெட்டுனா மைனா வரும், வளர விட்டா எலி பெருகும், எலி வந்தா பருந்து. இந்த ஆள்காட்டி குருவி இருக்கே, சவம், ரன்வே பக்கத்துல வெறும் தரையில முட்ட போட்டு வச்சிட்டு நம்மள கொத்த வரும் 😄

ராணி சித்தி: திருவனந்தபுரத்துல பத்மநாபசாமி ஆராட்டு ஊர்வலத்துக்கு வருஷத்துல ரெண்டு தடவ ரன்வேய மூடி சாமிக்கு வழி விடுவாவ. பருந்துக்கு யாரு சொல்ல

மணக்குடி மாமா: கோழிக்கட வேஸ்ட கொட்டுனா பருந்து வராம பின்ன மயிலா வரும். கேரளாவுல இருந்து டெம்போல கொண்டு வந்து களியக்காவிள தாண்டி நம்ம பக்கம் ரோட்டோரம், கொளத்தோரம்னு தட்டிட்டு போறானுவ, பிடிச்சா அபராதம் கெட்டிட்டு மறு வாரம் வாறான்

விபின்: மாமா சொன்னதுதான் விஷயம். ஏர்போர்ட்ட சுத்தி 10 கிலோமீட்டருக்குள்ள தெறந்த எடத்துல மிருகம் அறுக்கவோ குப்ப கொட்டவோ கூடாதுன்னு 1937 விமான விதியிலயே இருக்கு. ரன்வே எங்க கையில, பத்து கிலோமீட்டர் யாரு கையில? வேலிக்கு வெளிய ஒரு சாக்கு கோழிக் கொடல் விழுந்தா அன்னைக்கு பூரா எங்க பட்டாசு செலவு அதுக்கேதான்

பெரியப்பா: இதுக்குத்தான் நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுக்கு சொந்தமா ஏர்போர்ட் வேணும்ங்கது. சாமித்தோப்பு உப்பளத்துல வரும்னு எத்தன காலமா பேச்சு

விபின்: பெரியப்பா அது இத விட மோசம். ஒரு பக்கம் மணக்குடி காயல், இன்னொரு பக்கம் சுசீந்திரம் தேரூர் கொளம், 2022ல ராம்சார் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு போடுற பட்டியல்) வேற சேத்தாச்சு. கூழைக்கடா எவ்வளவு பெருசு, அது அடிச்சா பருந்து அடிச்ச மாதிரியா இருக்கும்

மணக்குடி மாமா: உப்பளத்துல சீசனுக்கு வாற பட்சி கொஞ்ச நஞ்சமா

பெரியப்பா: கொக்குக்கு பயந்து நான் சாவுற வர கார் புடிச்சு திருவனந்தபுரத்துக்கு எழுபது கிலோமீட்டர் போணுமாக்கும். நீங்க ரெண்டு பேரும் சேந்து வேற எடம் சொல்லுங்க பாப்போம்

விபின்: எடம் சொல்ல நான் யாரு. எங்கன்னாலும் செரி, ரெண்டு மூணு சீசன் ஆள உக்கார வச்சு எந்த பறவ எத்தன மணிக்கு எந்த ஒயரத்துல எங்கேருந்து எங்க போவுதுன்னு எழுதி வாங்கிட்டு பொறவு கல்லு போடட்டு

மணக்குடி மாமா: அதுக்கு ஆள் வேணும்னா எங்க ஊர்ல கெழவன்மாரு நெறைய பேர் சும்மாதான் இருக்காவ, சம்பளம் குடுத்தா எண்ணித் தருவாவ

பெரியப்பா: மொத பேரு என் பேர எழுதிக்க