கலைச்சொல் வேண்டும்: நனவிலியா, அறியாமனமா, இருளா?

குழுவினருக்கு வணக்கம்.

முதுகலைத் திறனாய்வுப் பாடநூலில் உளப்பகுப்பாய்வு இயலின் மெய்ப்பு வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும். பிராய்டு 1915-இல் எழுதிய கட்டுரையின் தலைப்புத்தான் அந்த இயலின் மையச் சொல். ஜெர்மனில் 'உன்பெவுஸ்ட்', ஆங்கிலத்தில் 'அன்கான்ஷியஸ்': நாம் அறியாமலே நம்மை இயக்கும் மனப்பகுதி. மூவர் மொழிபெயர்த்ததால் ஒரு பக்கத்தில் ஆழ்மனம், அடுத்ததில் நனவிலி, இன்னொன்றில் அடிமனம் என்று நிற்கிறது. படிக்கிற மாணவர் இவை மூன்றும் வெவ்வேறு அடுக்குகள் என்றே நினைப்பார்.

ஒற்றைச் சொல் போதாது, குடும்பம் வேண்டும். பெயராக வர வேண்டும், 'விருப்பம்', 'குற்றவுணர்வு' ஆகியவற்றுக்கு முன் அடையாக வர வேண்டும், வினையடையாகவும் வர வேண்டும். இப்போது நினைவில் இல்லை, தேடினால் வந்துவிடும் என்ற இடைநிலை அமைப்பைப் பிராய்டு தனியே பிரிக்கிறார். அதற்கும் அதே வேரில் சொல் அமைந்தால் நல்லது.

———

வணக்கம். நனவிலி ஏற்கெனவே திறனாய்வில் புழங்குகிறது. நனவு, முன்நனவு, நனவிலி என்று குடும்பம் தானாகவே அமைகிறது. பாத்திரத்தின் எண்ண ஓட்டத்தை அப்படியே எழுதும் நனவோடை உத்தி மாணவருக்குத் தெரியும், ஆகவே 'நனவு' புதிதில்லை. இருக்கிற சொல்லைக் கலைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

———

> ஆகவே 'நனவு' புதிதில்லை

ஐயா, நனவு என்றால் விழிப்பு. 'நனவினால் நல்கா தவரைக் கனவினால் காண்டலின் உண்டென் உயிர்' (குறள் 1213). நனவுக்கு எதிர் கனவு. சைவ சித்தாந்தம் சொல்லும் ஐந்து அவத்தைகளிலும் (உயிரின் நிலைகளிலும்) நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என்று முதலில் நிற்பது விழிப்புநிலையே. அப்படியானால் நனவிலி விழிப்பில்லாதது. பிராய்டின் வாதமோ நேர்மாறு: நாத்தவறும் பெயர் மறதியும் பட்டப்பகலில் நடக்கின்றன, அவற்றை நடத்துவது அதுதான்.

இன்னொரு குறை, இலி என்னும் விகுதி. அறிவிலி அறிவு இல்லாதவன், நாணிலி நாணம் இல்லாதவன். நனவிலி என்று கேட்டால் மயங்கிக் கிடப்பவரே என் கண்முன் வருகிறார்.

———

முடிவிலியும் ஓர் ஆளா, ஐயா? கணிதத்தில் அது பொருளாகத்தான் நிற்கிறது, எந்த மாணவரும் குழம்பவில்லை. நனவு பற்றிய உங்கள் குறள் சான்றை ஏற்கிறேன். ஆனால் நனவோடை வந்த நாளிலேயே அந்தச் சொல் விழிப்பைத் தாண்டிவிட்டது.

என் கேள்வி வேறு. விளக்கமே வேண்டாத ஆழ்மனத்தை ஏன் தள்ளுகிறோம்? படித்தவுடன் புரிவது ஒரு குற்றமா?

———

புரிவதுபோல் தோன்றி வேறொன்றைப் புரியவைப்பதுதான் குறை. 1926-இல் பிராய்டு 'கீழ்நனவு' என்ற வழக்கை வெளிப்படையாக மறுத்தார். சொல்கிறவர் நனவுக்குக் கீழே உள்ள ஓர் இடத்தைக் குறிக்கிறாரா, நிலவறையில் இயங்கும் இன்னொரு நனவைக் குறிக்கிறாரா என்று தெரியவில்லை, அவருக்கே தெரியாது போலும் என்பது அவர் வாதம். ஆழ்மனத்துக்கும் இது அப்படியே பொருந்தும். போதாக்குறைக்கு, தன்னம்பிக்கை நூல்கள் 'ஆழ்மனத்துக்குக் கட்டளையிடு' என்று பழக்கிவிட்டன. பிராய்டு சொல்வது கட்டளைக்குப் பணியாது. முரண் அறியாது, காலம் அறியாது.

———

காலம் அறியாது என்றதும் ஒன்று தோன்றியது. ஆழ்மனம் வினைத்தொகை. 'காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை' என்கிறது நன்னூல் (364). ஆழ்ந்த, ஆழ்கிற, ஆழும் மனம் மூன்றும் ஒரே உருவில் ஒளிந்திருக்கின்றன. காலமற்ற ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான தொகை உண்டா?

அந்தக் 'கரந்த' என்பதையே பிடித்துக்கொண்டு மேலே போகலாம். தண்டியலங்காரத்தின் சித்திரகவிகளில் கரந்துறைச் செய்யுள் ஒன்று. வெளியே ஒரு பாட்டு முழுப்பொருளோடு ஓடும், அதன் எழுத்துகளுக்குள்ளேயே இன்னொரு பாட்டு இருக்கும். வெளிப்பாட்டைப் படிப்பவருக்கு உள்ளே ஒன்று உண்டு என்ற ஐயமே எழாது. 'கரந்துறைமனம்' என்று முன்மொழிகிறேன்.

———

அழகான சொல். ஆனால் செய்யுளில் மறைத்து வைத்தவர் புலவர், எங்கே வைத்தோம் என்று அவருக்குத் தெரியும். கனவு காண்பவருக்குத் தெரியாது. மேலும் 'கரந்துறைமன விருப்பம்' என்பதை ஒரு பக்கத்தில் எட்டு முறை எழுதிப் பாருங்கள். கனவின் வெளிப்படைப் பொருள், கரந்துறை பொருள் என்ற இணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அங்கே நன்றாகப் பொருந்துகிறது.

நான் கொண்டுவருவது 'அறியாமனம்'. ஜெர்மன் சொல்லின் உள்ளே இருப்பது அறிதல் என்னும் வினையின் உறவு, விழிப்பு அன்று. தமிழ்ப் பெயரெச்சம் எழுவாயையும் தழுவும், செயப்படுபொருளையும் தழுவும். அறியாமனம் தான் அறியாத மனமா, நாம் அறியாத மனமா? இரண்டும்தான். பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கான் 1976-77 கருத்தரங்கின் தலைப்பில் அந்த ஜெர்மன் சொல்லின் ஒலியையே பிரெஞ்சில் 'ஒரு பிழை' என்று பொருள்படும்படி மாற்றி விளையாடினார். நாம் விளையாடவே வேண்டாம், நம் இலக்கணமே அந்த இரட்டையைத் தருகிறது.

———

'அறியாப் பிள்ளை', 'அறியாப் பருவம்' என்று பழகிய காதில் அறியாமனம் கள்ளங்கபடற்ற மனமாகவே விழும். ஈடிப்பஸ் விருப்பத்தின் (தாய்மேல் பிள்ளைக்கு எழும் மறைவிருப்பத்தின்) இருப்பிடத்துக்கு அப்படி ஒரு பெயரா, அம்மா?

———

எல்லோரும் சுற்றிவருகிற இருட்டை நேரே பெயரிட்டால் என்ன? உமாபதி சிவம் தம் சைவ சித்தாந்த நூலான திருவருட்பயனில் இருள்மலநிலை என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதில்,

'ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும்
இருபொருளும் காட்டாது இது.'

இருட்டறையில் நாற்காலி தெரியாது, ஆனால் இருட்டு தெரியும். 'விளக்கு இல்லை' என்றாவது நமக்குப் புலப்படும். இங்கே 'இது' எனப்படும் ஆணவமோ (செருக்கு அன்று, உயிரின் அறிவை மறைக்கும் மலம்) பொருளையும் காட்டாது, தான் மறைப்பதையும் காட்டாது. ஏற்க முடியாத விருப்பத்தை நனவிலிருந்து விலக்கிவைப்பதாகிய பிராய்டின் ஒடுக்கத்தை இவ்வளவு சுருக்கமாக விளக்கிய வரி எனக்குக் கிடைத்ததில்லை. மறந்தவருக்கு மறந்தது தெரியும், தேடுவார். ஒடுக்கியவருக்கு ஒடுக்கியதே தெரியாது, எனவே தேடவும் மாட்டார்.

பிராய்டிடமே இருட்டறை ஒன்று உண்டு. 1905 நூலின் அடிக்குறிப்பில் மூன்று வயதுச் சிறுவன் இருட்டிலிருந்து கூப்பிடுகிறான்: அத்தை, பேசு, பயமாயிருக்கிறது. பேசி என்ன பயன், என்னைப் பார்க்க முடியாதே என்கிறாள் அத்தை. அதனாலென்ன, யாராவது பேசினால் வெளிச்சம் வருகிறது என்கிறான் பிள்ளை. பேச்சால் குணமாக்கும் முறைக்கு வேறு என்ன விளக்கம் வேண்டும்? 'இருள்மனம்' என்பதே என் தேர்வு.

———

குறள்வெண்பாவின் நுட்பத்தை மறுக்கவில்லை. ஆனால் ஆணவம் உயிரோடு அநாதியாய் ஒட்டியது, செம்பில் களிம்புபோல. எல்லா உயிர்க்கும் ஒன்று, நீக்குவது அருள். ஒடுக்கப்பட்டதோ ஆளுக்கு ஆள் வேறு, அவரவர் வாழ்க்கையில் சேர்ந்தது. சொல்லை எடுத்தால் சமயமும் கூடவே வரும். கவிதைத் திறனாய்வில் இருண்மை வேறு பொருளில் (பொருள் எளிதில் விளங்காமை) இருப்பதையும் பாருங்கள். ஒரே நூலில் இரண்டும் மோதும்.

———

'உன்' என்ற முன்னொட்டை யாரும் கவனிக்கவில்லையே. அச்சமூட்டும் அந்நியத்தன்மை பற்றிய 1919 கட்டுரையில் பிராய்டு, அந்நியத்தன்மையைக் குறிக்கும் 'உன்ஹைம்லிக்' என்ற சொல்லின் 'உன்' ஒடுக்கத்தின் முத்திரை என்கிறார். அது இன்மையன்று. நம் இலக்கணம் மறுப்பை இன்மை (இல்லாமை), அன்மை (வேறாதல்), மறுதலை (எதிராதல்) என்று மூன்றாகப் பிரிக்கிறது. இலி இன்மை, வெறும் இல்லாமை. நமக்கு வேண்டியது அன்மை. அல்+திணை அஃறிணை ஆனதுபோல் அல்+நனவு. அல் என்பது இருளுக்கும் பெயர், 'அல்லும் பகலும்' என்கிறோமே. மறுப்பும் இருட்டும் ஒரே சொல்லில்! அல்லில் மலர்வதால்தான் அல்லி என்பார்கள்.

———

இரண்டு 'அல்'லும் ஒரே வேர் என்பதற்குச் சான்று வேண்டும், ஒலி ஒத்தால் போதாது. அது இருக்கட்டும். நல்+நெறி நன்னெறி ஆவதுபோல் இது 'அன்னனவு' ஆகும். எந்த மாணவர் அதைப் பிரித்துப் படிப்பார்?

———

அனைவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்ததில் நனவிலிக்கு ஐவர், அறியாமனத்துக்கு இருவர், இருள்மனத்துக்கு ஒருவர். நனவிலி என்றே போடுகிறேன். முன்நனவு புணர்ச்சியின்றியே நிற்கும். முன்னனவு என்றால் கண் தடுக்குகிறது. கரந்துறை பொருள் கனவுப் பகுதியில் சேர்ந்தது. இன்மை அன்று என்பதை முதல் பத்தியிலேயே சொல்லி, திருவருட்பயன் வரியையும் ஒப்பீடாகத் தருகிறேன்.

வினையடைதான் சிக்கியது. 'நனவிலியாகக் கடிதத்தைத் தொலைத்தான்' என்பதைத் திருத்துநர் அடித்துவிட்டார். 'தன்னையறியாமல் தொலைத்தான்' என்று மாற்றியிருக்கிறேன்.

———

அம்மா முன்மொழிந்த வேர்தான் அங்கே தானாக வந்து நிற்கிறது, பார்த்தீர்களா? பெயருக்கு நனவு, வினைக்கு அறிவு என்று குடும்பம் இரண்டாகிவிட்டது. அச்சுக்குப் போகட்டும். அறியாமனத்தை அடைப்புக்குறியில் ஒரு முறையாவது போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நனவிலிக்கு என் மறுப்பு இருக்கிறபடியே இருக்கிறது.